கலங்கரை விளக்கத்து நோட்டில் ஓடைக்குறிச்சி

ஓடைக்குறிச்சியில் சாயங்காலம் ஆறே முக்கால் ஆகிவிட்டால் யாரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். பயபக்தி என்று நினைத்துவிட வேண்டாம். பஞ்சாயத்து ஆபீஸ் மொட்டைமாடி ஒலிபெருக்கிக் குழாயில் அம்மாக்கண்ணு ஊர்ச் செய்தி வாசிக்கும் நேரம் அது. ரேடியோவில் மாநிலச் செய்தி முடிந்ததும் பெட்டியின் சத்தத்தைக் குறைப்பாள். மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வாள். பகலெல்லாம் ஆட்கள் கொண்டுவந்து கொடுத்த துண்டுச் சீட்டுகளை வரிசைப்படுத்தி வாசிப்பாள்.

"நாளைக் காலை ரேசன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். வடக்குத் தெரு முத்தாயியின் ஆட்டை நேற்றிலிருந்து காணவில்லை, வெள்ளை நிறம், இடது கொம்பு ஒடிந்தது. கீழத்தெரு அரியமுத்து இன்று மதியம் காலமானார், எடுப்பது நாளைக் காலை பத்து மணி. இவ்வளவுதான்."

ஆட்டுக்கும் ஆளுக்கும் ஒரே குரல். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கடைசியில் வணக்கம் நன்றி எதுவும் சொல்ல மாட்டாள். "இவ்வளவுதான்" என்று சொல்லிப் பொத்தானை அமுக்கிவிடுவாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மதியச் சோறு தின்று முடித்ததும் தட்டைக் கவிழ்த்து "இவ்வளவுதான்" என்பார்கள். ஆரம்பத்தில் ஊருக்கு இது பிடிக்கவில்லை. அங்கமுத்து தன் தகப்பன் செத்த சமயம் ஆபீசுக்கே வந்து கேட்டுவிட்டான்.

"ஏன்க்கா, எழவு சேதி சொல்லையில கொஞ்சம் கொரல எறக்கித்தான் சொல்றது?"

"எறக்குனா கடைசித் தெருவுக்குக் கேக்காதுப்பா" என்றாள் அம்மாக்கண்ணு. அது உண்மைதான்.

அந்த வேலை அவளுடையது அல்ல, புருஷன் இளையபெருமாளுடையது. பண்ணையில் மாடு மேய்த்த குடும்பத்தில் எட்டாவது வரை படித்த முதல் ஆள் அவன். அதனால் பஞ்சாயத்து ரேடியோவைப் போட்டு நிறுத்தும் பொறுப்பு அவனிடம் வந்தது. அவன் வாசித்தபோது ஊர்ச் செய்தி ஒரு நாடகம் மாதிரி இருக்கும். ஆடு காணாமல் போனால் ஆட்டின் குணநலனையெல்லாம் சொல்வான். ஒரு தடவை தொலைந்த கோழியைப் பற்றிப் பேசிக் கோழிக்காரியையே அழ வைத்தான்.

எழுபத்தேழு ஐப்பசியில் ஒரு மேஸ்திரி வந்து, நாகப்பட்டினத்தில் குடோன் கட்டும் வேலைக்கு ஊரிலிருந்து ஆறு பேரைக் கூப்பிட்டுப் போனான். இளையபெருமாளும் போனான். "ரெண்டே மாசம். பொட்டியப் பாத்துக்க" என்று பஸ்ஸில் ஏறியவன் சொன்னான். அம்மாக்கண்ணு ஐந்தாவது படித்தவள். பார்த்துக்கொண்டாள். ஜெயலட்சுமிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

ஒரே ஒரு கார்டு வந்தது. சௌக்கியம், சௌக்கியமறிய ஆவல் என்று ஆரம்பித்து முக்கால் கார்டுக்கு அவன் எழுதியிருந்தது லைட் ஹவுஸ் பற்றித்தான். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நிற்கிறதாம். நேற்று மேலே ஏறினானாம். உச்சியிலிருந்து பார்த்தால் கடலுக்குக் கரையே இல்லையாம். "கீழே ஒரு நோட்டு வைத்திருக்கிறார்கள். ஏறுகிறவர்கள் பேரும் ஊரும் எழுத வேண்டும். நோட்டு முழுக்கப் புரட்டிப் பார்த்தேன். நம்ம ஊர்க்காரன் ஒருத்தனும் எழுதவில்லை. நான்தான் முதல். ஜெயாவை ஒரு நாள் கூட்டி வந்து காட்ட வேண்டும்."

ஓடைக்குறிச்சிக்காரர்களின் புத்தி இதுதான். முப்பது வருஷமாகத் திருச்சியில் குடியிருப்பவனைக் கேளுங்கள், எந்த ஊர் என்று. ஓடைக்குறிச்சி என்பான். கேட்டவர் முழிப்பார். வாலிகண்டபுரத்துக்கு மேற்கே, ஓடையைத் தாண்டி, ரெண்டு மைல் என்று ஆரம்பித்துக் கேட்டவரின் பஸ் தவறும்வரை விடமாட்டான். இருக்கிற இடத்தை ஊர் என்று சொல்ல அவர்களுக்கு வாயே வராது.

கார்டு வந்து ஐந்தாம் நாள் புயல். ஊரில் அந்தச் செய்தியைப் போட்டதும் அம்மாக்கண்ணுதான். பெட்டியைத் திருப்பியது அவள் கை. நாகப்பட்டினம் என்ற பெயர் குழாய் வழியாக ஊர் முழுக்கக் கேட்டது. மாநிலச் செய்தி முடிந்தது. ஊர்ச் சீட்டு இரண்டு கையில் இருந்தது. இரண்டையும் வாசித்துவிட்டு இவ்வளவுதான் என்றாள்.

கார்த்திகைக்குள் ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். இளையபெருமாள் வரவில்லை. புயலடித்த அன்று சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போனவன் கொட்டகைக்குத் திரும்பவில்லை என்றார்கள். அவன் அண்ணன் ராசாங்கம் இரண்டு தடவை போய்ப் பிணங்களின் பட்டியல்களையெல்லாம் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வந்தார். பேரில்லாமல் புதைத்தவை எத்தனையோ என்றார். மகன் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்த மாமியார் பெரியம்மாள் அந்த மாசியில் போய்ச் சேர்ந்தாள். அதையும் அம்மாக்கண்ணுதான் மைக்கில் வாசித்தாள்.

அவள் அழவில்லை. ராசாங்கத்தின் மனைவி வீராயி கட்டிப்பிடித்துக் குலுக்கிப் பார்த்தாள், வரவில்லை. கல்நெஞ்சு என்று ஊர் சொன்னது. ஊர் எதைத்தான் சொல்லவில்லை. சாமி வந்து ஆடுகிற மாதிரி அழுகையும் கேட்ட மாத்திரத்தில் வந்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அவளுக்குள் என்ன இருந்தது என்றால், ஒன்றும் இல்லை. காலையில் பெட்டி, பகலில் களையெடுப்பு, சாயங்காலம் பெட்டி. மரத்துப்போன காலை ஊன்றி நடப்பது போல நாட்களை நடந்து தீர்த்தாள். தாலி கழுத்தில் இருந்தது. குங்குமம் நெற்றியில் இருந்தது. கல்யாண வீட்டில் அவளைத் தாம்பூலத் தட்டைத் தொடச் சொல்லவும் ஊருக்கு மனசில்லை, தொடாதே என்று சொல்லவும் வாயில்லை. ஏழு வருஷம் அப்படியே ஓடியது.

எண்பத்து நாலு கார்த்திகையில் ஜெயலட்சுமிக்குப் பாடாலூரிலிருந்து மாப்பிள்ளை வந்தது. பையன் தங்கராசு, மெயின் ரோட்டில் டயர் பஞ்சர் கடை. நல்ல பையன். எல்லாம் ஒத்துப்போய் வெற்றிலை பாக்கு மாற்றுகிற நேரத்தில் பையனின் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. பத்திரிகையில பொண்ணோட அப்பா பேருக்கு முன்னால என்னன்னு போடுறது?"

அவளே தொடர்ந்தாள்.

"இருக்காருன்னா வந்து தாரை வாக்கணும். இல்லன்னா காலஞ்சென்றன்னு போடணும், பொண்ணு பெரியப்பா பெரியம்மா நின்னு செய்யட்டும். ரெண்டுல ஒண்ணு ஆவணும்ல? ரெண்டுங்கெட்டானா வச்சுக்கிட்டு மணையில ஒக்கார வச்சா, நாளைக்கு எம் மவனுக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

அவள் கேட்டதில் தப்பு இல்லை. அதுதான் சங்கடம். ராசாங்கம் நாலு நாள் யோசித்துவிட்டு வந்தார். ஏழு வருஷம் ஆனால் சர்க்காரே செத்ததாகத்தான் வைத்துக்கொள்ளும் என்று பெரம்பலூரில் வக்கீல் குமாஸ்தா ஒருவர் சொன்னாராம். தை அமாவாசைக்கு ஊரே பஸ் பேசிக்கொண்டு வேதாரண்யம் போகிறது. அவனை எடுத்துக்கொண்ட கடலிலேயே காரியத்தைச் செய்து முடித்துவிடலாம்.

"நீ என்னம்மா சொல்ற?" என்று கேட்டார்.

சரி என்றால் என்ன ஆகும் என்று அம்மாக்கண்ணுவுக்குத் தெரியும். ஒற்றை மகள் மணையில் உட்காரும்போது அவள் அடுப்படியில் நிற்க வேண்டும். மாலை எடுத்துக் கொடுக்கக் கூடாது, முதல் ஆளாய் எதிரே வரக் கூடாது. வேண்டாம் என்றால் கல்யாணமே இல்லை.

"சரிங்க மாமா" என்றாள். பிறகு, "வர்றப்ப அந்த லைட் ஹவுஸ்ல நிறுத்தணும்" என்றாள்.

"எதுக்கு?"

"அவரு கையெழுத்து அதுல இருக்கு. ஜெயாவுக்குக் காட்டணும்."

ஏழு வருஷத்தில் அவள் கேட்ட ஒரே காரியம் அது. ராசாங்கம் தலையாட்டினார்.

*

நாற்பத்திரண்டு பேர், ஒரு பஸ், நாலு அண்டாப் புளிச்சோறு. வேதாரண்யம் கடற்கரையில் விடியும்போது ஈ எறும்பு நுழைய இடமில்லாத கூட்டம். உடம்பு இல்லாத காரியம் என்பதால் வைக்கோலில் ஆள் மாதிரி கட்டி, இளையபெருமாள் விட்டுப்போன பச்சைக் கட்டம் போட்ட சட்டையை அதற்குப் போட்டுவிட்டார்கள். அம்மாக்கண்ணு சட்டையின் மூன்றாவது பொத்தானைப் பார்த்தாள். வெள்ளை நூல் இல்லாத ஒரு நாள் கறுப்பு நூலால் அவள் தைத்த பொத்தான். அது மட்டும் இன்னும் உறுதியாக இருந்தது.

ராசாங்கம் பிண்டம் வைத்தார். வைக்கோல் ஆளை இடுப்பளவு தண்ணீரில் விட்டார். அலை அதைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தது. மறுபடி தள்ளினார், மறுபடி வந்தது. "தம்பிக்குப் போவ மனசில்லியே" என்று வீராயி மாரில் அடித்துக்கொண்டாள். பெண்கள் எல்லோரும் ஓலமிட்டார்கள். மூன்றாவது தடவை ஒரு படகுக்காரர் அதை வாங்கிக் கழியால் ஆழத்துக்குத் தள்ளிவிட்டார்.

கொளஞ்சியம்மாள் என்ற பழைய விதவை அம்மாக்கண்ணுவைத் தண்ணீரில் உட்கார வைத்துக் குங்குமத்தை அழித்தாள். தாலிக் கயிற்றை அறுத்தாள். தங்கப் பொட்டை ஜெயாவின் தாலிக்கு ஆகுமென்று முந்தானையில் முடிந்துவைத்தாள். கயிறு தண்ணீரில் போயிற்று.

"அழுதுடுடி. இப்பவாச்சும் அழுதுடு" என்றாள் கிழவி.

அம்மாக்கண்ணு கடலைப் பார்த்தாள். உப்பு கண்ணில் பட்டு எரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

*

வேளாங்கண்ணியைப் பார்த்துவிட்டு நாகப்பட்டினம் வரும்போது மணி மூன்றரை. மூன்றிலிருந்து ஐந்து வரைதான் உள்ளே விடுவார்களாம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாற்பத்திரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். வாலிகண்டபுரம் கோயில் கோபுரத்தைவிடப் பெரிதா சிறிதா என்று அங்கமுத்துவுக்கும் டிரைவருக்கும் வாக்குவாதம் வந்தது. கடைசியில் உயரம் இதற்கு, அழகு அதற்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

வீராயி அம்மாக்கண்ணுவின் காதோரம் வந்தாள். "நீ இப்ப ஏற வேணாம்டி. சனங்க ஏறி எறங்கட்டும், கடைசியா ஏறிக்க. அறுத்த அன்னிக்கே முன்னால போனா ஒரு மாதிரி பேசுவாங்க."

"சரிக்கா."

ஜெயலட்சுமிக்குக் கோபம். "அதென்ன, அம்மா பாக்கணும்னுதானே வந்தோம்?"

"நீ ஏறிப் பாத்துட்டு வா. அப்பா கையெழுத்து கீழதான் இருக்கும். நான் தேடி வக்கிறேன்" என்று அனுப்பினாள் அம்மாக்கண்ணு.

அடித்தளத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் காக்கிச் சட்டைக்காரர், ஐம்பது வயதிருக்கும், கண்ணாடியின் ஒரு காதை நூலால் கட்டியிருந்தார். நோட்டில் கூட்டத்துக்கு ஓர் ஆள் எழுதினால் போதும் என்றார். ராசாங்கத்துக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். "அம்மாக்கண்ணு, நீதானே எழுதுவ" என்று விட்டுவிட்டு அவரும் படியேறினார்.

நோட்டில் கோடு போட்டுக் கட்டங்கள் இருந்தன. தேதி, பெயர், ஊர், ஆண், பெண், குழந்தை, கையெழுத்து. கடைசியில் அகலமாக, குறிப்பு. ராசாங்கம் மற்றும் பலர், ஓடைக்குறிச்சி என்று எழுதி ஆள் கணக்கைப் போட்டாள். பிறகு கேட்டாள்.

"ஐயா, பழைய நோட்டு இருக்குங்களா? எழுபத்தேழு வருசத்து நோட்டு?"

அவர் அவள் வெறும் நெற்றியையும் ஈரம் காயாத தலையையும் பார்த்தார். அந்த ஊரில் எழுபத்தேழைக் கேட்டு வருகிறவர்களிடம் யாரும் காரணம் கேட்பதில்லை போலிருக்கிறது. "புயல்ல கீழ இருந்ததெல்லாம் போச்சு. இந்த ஒரு நோட்டு அன்னிக்கி மேல் ரூம்ல கெடந்துச்சு, அதனால தப்பிச்சுது" என்று அலமாரியிலிருந்து ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். உப்பேறிய காகிதம், ஒவ்வொரு பக்கமும் அப்பளம் மாதிரி மொரமொரத்தது.

கண்டுபிடிக்க வெகு நேரமாகவில்லை. ஏழு வருஷமாகச் சீட்டுகளில் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். 3.11.77. இளையபெருமாள், ஓடைக்குறிச்சி, ஆண் 1. பெயரின் கடைசி எழுத்திலிருந்து வாலை இழுத்துப் பெயருக்கு அடியில் கோடாக ஓடவிடுவது அவன் வழக்கம். அந்தக் கோடும் இருந்தது. குறிப்புக் கட்டத்தில் "மிக மிக நன்றாக உள்ளது. ஓடைக்குறிச்சியிலிருந்து முதல் ஆள் நான்" என்று எழுதி இரண்டாவது கோடும் போட்டிருந்தான். அம்மாக்கண்ணு அதன்மேல் விரலை வைத்தாள். வந்த வேலை முடிந்தது.

மூடியிருக்கலாம். ஆனால் அந்தப் புயல் தேதியில் நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. ஒன்றும் இல்லை. நவம்பர் பத்தோடு எழுத்து நின்றுபோய், எழுபத்தெட்டு மார்ச்சில்தான் அடுத்த வரி ஆரம்பித்தது. அவ்வளவு பேர் போன ஊரில் நாலே மாதத்தில் மறுபடி ஏறிப் பார்க்க வந்துவிட்டார்கள். தஞ்சாவூர், மாயவரம், காரைக்கால், திருவாரூர். எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று பக்கத்தைத் திருப்பிக்கொண்டே போனாள். எழுபத்தொன்பது. எண்பது.

14.9.80. இளையபெருமாள். ஓடைக்குறிச்சி. ஆண் 1, பெண் 1, குழந்தை 1.

அடியில் அந்தக் கோடு. குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை.

அவள் முதலில் தேதியைத்தான் சந்தேகப்பட்டாள். மேலே பார்த்தாள், 13.9.80. கீழே பார்த்தாள், அதே பதினாலு. தேதி சரியாகத்தான் இருந்தது. வேறு இளையபெருமாள் என்று வைத்துக்கொள்ளவும் வழியில்லை. ஓடைக்குறிச்சியில் ஒரே இளையபெருமாள்தான்; அந்த வாலை இழுத்து எழுத அவன் ஒருத்தனால்தான் முடியும். எங்கேயோ பெயரை மறைத்துக்கொண்டோ மறைக்காமலோ இருந்துவிட்டான். மேசைக்காரர் ஊர் என்ன என்று கேட்டிருப்பார். பக்கத்தில் அந்தப் பெண் குழந்தையோடு நின்றிருப்பாள். இருக்கிற இடத்தைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. பெண்டாட்டியை விட்டான், பிள்ளையை விட்டான், பெற்றவளைச் சாகவிட்டான். ஊரை மட்டும் அவனால் விட முடியவில்லை.

கோபம் வர வேண்டும் என்று அவளுக்கே தெரிந்தது. காத்துப் பார்த்தாள். வரவில்லை. காலையில் குங்குமம் அழித்த இடம் மட்டும் அரித்தது. முந்தானை முடிச்சில் பொட்டு கனத்தது. இன்று விடிகாலையில் அவள் தாலியை அறுத்தார்கள். நேற்றைக்கு இங்கே வந்திருந்தால் அறுத்திருக்க வேண்டியதில்லை. இப்போதுகூட, மேலே இருக்கிற ராசாங்கத்தை ஒரு சத்தம் போட்டுக் கூப்பிட்டால் போதும். அவர் இந்த ஊரைச் சல்லடை போட்டுச் சலித்துத் தம்பியைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவார். மஞ்சள் கயிறு மறுபடி கழுத்துக்கு ஏறும். மகள் கல்யாணத்தில் அவள் முன்னால் நிற்கலாம். ஆனால் அந்தக் கல்யாணம் இருக்குமா? பாடாலூர்க்காரி இதற்கு என்ன கேள்வி கேட்பாள்?

"அம்மா, கெடச்சுதா?"

ஜெயலட்சுமி மூச்சிரைக்க இறங்கி வந்துகொண்டிருந்தாள். அம்மாக்கண்ணு பக்கங்களை மொத்தமாகத் திருப்பினாள். எழுபத்தேழு நவம்பர் வந்தது. அதற்குப் பின்னால் உள்ள அத்தனை பக்கத்தையும் இடது கையால் சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க பாரு."

ஜெயலட்சுமி குனிந்து படித்தாள். ஓடைக்குறிச்சியிலிருந்து முதல் ஆள் நான். ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை தடவிக்கொண்டு போனாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"என்னைக் கூட்டியாந்து காட்டணும்னு எழுதுனாரேம்மா. உசுரோட இருந்தா கூட்டியாந்திருப்பாரு, இல்ல?"

அம்மாக்கண்ணு பின்பக்கங்களை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாள்.

"ஆமா. கூட்டியாந்திருப்பாரு" என்றாள்.

"பின்னால வேற எதுவும் எழுதியிருக்காரா?"

"இல்ல. இந்த ஒண்ணுதான். போ, மூஞ்சியக் கழுவிக்கிட்டு பஸ்ல போயி உக்காரு. சனங்க எறங்குறாங்க."

மகள் போனதும் பழைய நோட்டை மூடி மேசைக்காரரிடம் கொடுத்தாள். "ஐயா, இதுல எழுதுனவங்க மறுபடி வந்தா இந்த நோட்டுல எழுதுவாங்களா, புது நோட்டுலயா?" என்று கேட்டாள்.

"யாரு வந்தாலும் புதுசுலதாம்மா."

"பழைய பக்கத்தப் பொரட்டிப் பாக்க விடுவீங்களா?"

"சும்மா கெடக்குறதுதானே. எல்லாரும் அவங்கவங்க ஊரு இருக்கான்னு பொரட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க."

ஆமாம், புரட்டுவான். முழு நோட்டையும் புரட்டுகிறவன் அவன். அம்மாக்கண்ணு புது நோட்டை இழுத்துக்கொண்டாள். ராசாங்கம் மற்றும் பலர் என்று எழுதிய வரிக்குக் கீழே புது வரியில் தேதியும் தன் பெயரும் எழுதினாள். ஊர், ஓடைக்குறிச்சி. ஆண் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. பெண் 1. குழந்தை கட்டத்தில் இன்னொரு கோடு. பிறகு குறிப்புக் கட்டத்தில், இடம் போதாதென்று எழுத்தைப் பொடிசாக்கி, சீட்டு வாசிப்பது போலவே எழுத ஆரம்பித்தாள்.

ஓடைக்குறிச்சி ஊர்ச் செய்திகள். பெரியம்மாள் எழுபத்தெட்டு மாசியில் காலமானார்.

கடைசி வரைக்கும் சின்ன மகனைக் கேட்டார் என்று எழுதக் கை போனது. இழவுச் செய்தியில் அதெல்லாம் சேர்ப்பது அவள் வழக்கம் இல்லை. விட்டுவிட்டாள்.

மேலத்தெருக் கிணறு தூர் எடுத்தாகிவிட்டது, தண்ணீர் நன்றாக இருக்கிறது. பஞ்சாயத்து ரேடியோப் பெட்டி மாற்றியாகிவிட்டது, பழையது பழுதாகி எடுத்துப் போய்விட்டார்கள். ஜெயலட்சுமிக்கும் பாடாலூர் தங்கராசுவுக்கும் வருகிற வைகாசி பத்தாம் தேதி கல்யாணம்.

இங்கே பேனா நின்றது. இந்த வரியோடு விட்டால் இது ஓர் அழைப்பு. என்றைக்காவது அவன் வந்து புரட்டுவான். தேதி தெரிந்துகொள்வான். வைகாசிக்கு முன்னால் வந்து புரட்டினால், பந்தலின் ஓரத்தில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து நிற்பான். வந்து நிற்கட்டும் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசு தனக்குள் இன்னும் இருக்கிறது என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. வலித்தது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக நன்றாக வலித்தது.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. "அம்மாக்கண்ணு, மேல ஏறலியா? நேரமாச்சு" என்று ராசாங்கம் வாசலிலிருந்து கூப்பிட்டார்.

"ஏறலிங்க மாமா. தோ, முடிஞ்சுது."

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு மீதியை எழுதினாள்.

இவ்வூர் இளையபெருமாள் காலமானார். காரியம் இன்று காலை வேதாரண்யம் கடலில் நடந்து முடிந்தது. இவ்வளவுதான்.